பணிப்பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஓர் இரவுச் செவிலியரின் திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும், மாதந்தோறும் எங்கள் பணிப்பட்டியலை எழுதும் ஒவ்வொருவருக்கும் வணக்கம்.

இதை எழுதத் தொடங்கும்போது பிற்பகல் 1:20. நேற்றிரவு 8 மணிக்குப் பணியேற்றேன். காலை 8 மணிக்கு முடிய வேண்டிய பணி, அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதும் பதிவேடுகளும் முடிந்து கிளம்பும்போது 8:45 ஆகிவிட்டது. வீடு வந்து, குளித்து, 10 மணிக்குப் படுத்தேன். 12:50-க்கு விழிப்பு வந்துவிட்டது. யாரும் எழுப்பவில்லை. சத்தம் ஏதும் இல்லை. ஜன்னலில் கனத்த திரை தொங்குகிறது. கண் எரிகிறது, கால் கடுக்கிறது, தலைக்குள் ஏதோ இரைந்துகொண்டே இருக்கிறது. ஆனால் தூக்கம் போன இடம் தெரியவில்லை. இன்றிரவு 8 மணிக்கு மறுபடியும் வார்டில் நிற்க வேண்டும். அரை மணி நேரம் புரண்டு பார்த்துவிட்டு, இனி வராது என்று தெரிந்தபின் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செவிலியராகி 17 ஆண்டுகள் ஆகின்றன. இந்த 17 ஆண்டுகளில் தூக்கத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரைகளுக்குக் கணக்கில்லை. அறையை இருட்டாக்கு, கைபேசியை அணைத்து வை, காபியைக் குறை, மனத்தை அமைதியாக வைத்துக்கொள். எல்லாம் நல்ல அறிவுரைகள்தான். எல்லாவற்றையும் செய்தும் பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தனை அறிவுரைகளுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: செவிலியரின் தூக்கம் அவருடைய வீட்டு விவகாரம், அதை அவரேதான் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைத்தான் நான் மறுக்கிறேன். நான் எத்தனை மணி நேரம் தூங்கப் போகிறேன் என்பதில் பெரும்பகுதி, நான் படுக்கைக்குப் போவதற்குப் பல நாட்களுக்கு முன்பே, உங்கள் மேசையில் கட்டம் போட்ட ஒரு தாளில் முடிவாகிவிடுகிறது. அந்தத் தாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஓர் இரவைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவு. எனக்குத் தொடர்ச்சியாக ஐந்தாவது இரவு. மணி அதிகாலை 4:10. ஒரு நோயாளிக்கு இரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்ப் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சிரிஞ்சு தீர்ந்ததும் புதிதாக நிரப்பிப் பொருத்தினேன். வேகத்தை மறுபடி பதிய வேண்டும். மருத்துவரின் ஆணையில் மணிக்கு 2.5 மில்லிலிட்டர் என்று இருந்தது. படித்தேன். வாய்விட்டும் சொன்னேன். விரல் 25 என்று அழுத்தியிருக்கிறது. திரையைப் பார்த்தேன், சத்தியமாக எனக்கு அது 2.5 ஆகத்தான் தெரிந்தது. தொடக்கப் பொத்தானை நோக்கிக் கை போனபோது, சரிபார்க்க வந்து பக்கத்தில் நின்ற இளைய செவிலியர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அக்கா, புள்ளி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் இருவரும் பேசவில்லை. நான் எண்ணைத் திருத்தினேன், அவர் மறுபடி படித்தார், பம்ப் ஓடத் தொடங்கியது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கால்கள்தான் விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்தன. பத்து மடங்கு மருந்துக்கும் அந்த மனிதருக்கும் இடையில் ஒரு புள்ளியும் ஒரு பெண்ணின் கையும் மட்டுமே இருந்தன. அந்தப் பெண்ணுக்கு அது முதல் இரவுப் பணி. முந்தைய இரவு அவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவர்.

நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். மூன்றாம் நாள் என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் விளக்கம் கொடுத்தேன். ‘இனி இவ்வாறு நேராவண்ணம் மிகுந்த கவனத்துடன் பணியாற்ற வேண்டும்’ என்று பதில் வந்து, விஷயம் முடிந்தது. என்னிடம் அன்று இல்லாமல் போனதே கவனம்தான். அது ஏன் இல்லாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது எத்தனையாவது இரவு, அன்று பகலில் எவ்வளவு தூங்கினேன், கடைசியாக எப்போது ஒரு முழு இரவு படுக்கையில் இருந்தேன், எதையும் கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் இதற்கெல்லாம் ஒரு கட்டமே இல்லை.

அது என்னுடைய பலவீனம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். மற்றவர்கள் சமாளிக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று குமைந்திருக்கிறேன். பிறகு இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குக் கிடைத்தது ஆறுதல் இல்லை, கோபம். ஏனென்றால் இதெல்லாம் எப்போதோ கண்டறியப்பட்ட விஷயங்கள்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். தானாக விட்டால் அதன் ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகும். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது வெளிச்சம். பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் அந்தக் கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்கள் நம் விழித்திரையில் இருப்பது 2002-இல் தெளிவானது. நீல நிற ஒளிக்கு அவை மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டும். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான பரிசு அது. மருத்துவமனைப் பணிப்பட்டியலில் மட்டும் அதற்கு இடமில்லை.

அந்தக் கடிகாரத்தின்படி, அதிகாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் உடம்பின் வெப்பநிலை மிகக் கீழே இறங்குகிறது. இரவு ஹார்மோனான மெலடோனின் அப்போது இரத்தத்தில் நிறைந்திருக்கும். விழிப்பு, வேகம், நினைவு எல்லாமே அடிமட்டத்தில் இருக்கும் நேரம் அது. என் 4:10 எங்கே விழுந்தது என்று பாருங்கள். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டே சில நொடிகள் மூளை தூங்கிவிடுவதும் உண்டு. தூங்கினோம் என்பதே தூங்கியவருக்குத் தெரியாது.

இன்று பகல் 12:50-க்கு நான் விழித்ததற்கும் காரணம் அதே கடிகாரம்தான். அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982-இல் இதை எளிமையாக விளக்கினார். தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்கப் பசி. இன்னொன்று கடிகாரம். இரவில் படுப்பவருக்கு இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. காலையில் படுக்கும் எனக்கு அவை எதிரெதிராக இழுக்கின்றன. முதல் இரண்டு மூன்று மணி நேரம் பசி ஜெயிக்கிறது; அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன். பசி கொஞ்சம் அடங்கியதும், ‘பகல் வந்துவிட்டது, எழு’ என்று கடிகாரம் தள்ளிவிடுகிறது. வீடு எவ்வளவு அமைதியாக இருந்தாலும், திரை எவ்வளவு கனமாக இருந்தாலும் இதுதான் நடக்கும். இரவுப் பணியாளரின் பகல் தூக்கம் வழக்கமான இரவுத் தூக்கத்தைவிட 1 முதல் 4 மணி நேரம் வரை குறைந்துபோவது இப்படித்தான்.

“போகப் போகப் பழகிவிடும்” என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நானும் புதிதாக வந்த பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்காக இப்போது வருந்துகிறேன். இரவுப் பணியையே நிரந்தரமாகச் செய்பவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி சைமன் ஃபோல்கார்ட் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், கடிகாரம் முழுமையாக இரவுக்கு மாறிக்கொண்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. நிரந்தரமாகச் செய்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், வாரத்துக்கு வாரம் மாறும் எங்களுக்கு எப்படிப் பழகும்? பணி முடிந்து வெளியே வந்த உடனே முகத்தில் அடிக்கும் காலை வெயிலே கடிகாரத்தை மறுபடி பகலுக்குத் திருப்பி வைத்துவிடுகிறது. பழகியது எங்கள் உடம்பு என்று நினைக்காதீர்கள். களைப்பை வெளியே காட்டாமல் இருக்கத்தான் பழகியிருக்கிறோம்.

இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். 1997-இல் ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் செய்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் ஆனால் அது ஏறக்குறைய 0.10 சதவீதம். பல நாடுகளில் 0.05-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. முதல் இரவுக்கு வருபவரை எண்ணிப் பாருங்கள். அவர் அன்று காலை 7 மணிக்கு எழுந்திருப்பார். பகலில் படுத்தாலும் தூக்கம் வந்திருக்காது. நள்ளிரவு 12 மணிக்கு அவருக்கு 17 மணி நேரம் முடிகிறது. பணி முடியும் முன்பே 24-ஐத் தொட்டுவிடுகிறார். குடித்துவிட்டு வார்டுக்குள் நுழையும் ஊழியரை நீங்கள் ஒரு நிமிடம்கூட அனுமதிக்க மாட்டீர்கள். அதே நிலையில் உள்ளவரைப் பட்டியல் போட்டு நீங்களே வரவழைக்கிறீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. அழிக்க மனம் வரவில்லை.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். அதில் எங்கள் தூக்கத்தை வெட்டும் இடங்கள் எவை என்று செவிலியர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களில் பெரும்பாலோரும் செவிலியராக இருந்து வந்தவர்கள்தான். மறந்திருக்க மாட்டீர்கள்.

மாலைப் பணியை இரவு 9 மணிக்கு முடித்தவருக்கு மறுநாள் காலை 7 மணிப் பணி. தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு எழுத்துகள், பார்க்க ஒன்றும் தெரியாது. இடையில் இருப்பது 10 மணி நேரம். அதில் ஒப்படைப்பு நீள்வது, வீடு போவது, சாப்பிடுவது, காலையில் கிளம்புவது எல்லாம் போக, படுக்கைக்கு மிஞ்சுவது ஐந்து மணி நேரம். அதிலும் காலையில் எழாமல் போய்விடுவோமோ என்ற பயத்தில் பாதி கழிகிறது. செவிலியரின் இரு பணிகளுக்கு இடையில் தொடர்ச்சியாகக் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இலேயே, செவிலியர்களுக்கென்றே வெளியிட்ட 157-ஆம் பரிந்துரையில் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேரச் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் 11 மணி நேரம் என்கிறது. நார்வே நாட்டுச் செவிலியர்களிடம் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள், இந்தக் குறுகிய இடைவெளிகளையும் தூக்கக் கோளாற்றையும் மறுபடி மறுபடி சேர்த்தே காட்டுகின்றன. இதைச் சரிசெய்யப் பல இடங்களில் ஒரு புதிய ஆள்கூடத் தேவையில்லை. இரண்டு பெயர்களை இடம் மாற்றி எழுதினால் போதும்.

அடுத்தது சுழற்சியின் திசை. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். அந்தக் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால் தாமதமாகப் படுப்பது அதற்குச் சுலபம், சீக்கிரம் படுப்பதுதான் கடினம். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுழற்றினால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு சண்டை.

தொடர் இரவுகள். ஐந்து, ஆறு, சில இடங்களில் அதற்கும் மேல். இரவுப் பணி பற்றிய ஆய்வுகளை அலசி 2020-இல் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று வெளியிட்ட பரிந்துரையில், தொடர்ச்சியாக மூன்று இரவுகளுக்கு மேல் வேண்டாம், இரு பணிகளுக்கு இடையில் 11 மணி நேரமாவது விடுங்கள், ஒரு பணி 9 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று இருக்கிறது. 12 மணி நேரப் பணியைச் செவிலியர்களே விரும்பிக் கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், பலர் கேட்கிறோம். வீட்டில் கூடுதலாக ஒரு நாள் கிடைக்கிறதே என்றுதான். ஆனால் அமெரிக்காவில் 2004-இல் செவிலியர்களின் நாட்குறிப்புகளை வைத்து நடத்திய ஆய்வில், வேலை 12.5 மணி நேரத்தைத் தொட்டபோது பிழை செய்யும் வாய்ப்பு மூன்று மடங்கானது. 12 மணி நேரப் பணி 12 மணி நேரத்தில் முடிவதே இல்லை என்பது ஒப்படைப்பு வாங்கிய எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அந்த ‘ஓய்வு நாள்’. இதை எழுதும்போது எனக்குக் குரல் உயர்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடித்துக் காலை வீடு திரும்பும் அந்தத் தேதியைப் பட்டியலில் விடுமுறை என்று குறிக்கிறார்கள். அந்தத் தேதி பிறந்ததிலிருந்து எட்டே முக்கால் மணி நேரம் நான் வேலை செய்திருக்கிறேன். அதன் பகல் முழுவதும் மயக்கத்தில் கிடக்கிறேன். மறுநாள் காலைப் பணிக்கு வருகிறேன். தாளில் பார்த்தால் எனக்கு ஒரு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. வாரத்துக்கு இடைவிடாத ஓய்வு எந்நிலையிலும் 36 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று அதே 157-ஆம் பரிந்துரை சொல்கிறது. நாட்களை எண்ணாதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள்.

பயிற்சி வகுப்புகளும் கூட்டங்களும். காலை 8:45-க்குக் கிளம்பியவரை 11 மணிக்குக் கட்டாயக் கூட்டம் என்று திரும்ப அழைக்கிறீர்கள். பகல் பணி செய்பவரை நள்ளிரவு 2 மணிக்குக் கூட்டத்துக்கு வரச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். “ஒரு மணி நேரம்தானே சிஸ்டர்” என்று தொலைபேசியில் கேட்கும் குரல் மரியாதையாகத்தான் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தோடு அன்றைய தூக்கம் முழுவதும் போய்விடும்.

இரவில் ஒரு குட்டித் தூக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். இதில்தான் நாம் ஒருவரையொருவர் அதிகம் ஏமாற்றிக்கொள்கிறோம். எல்லா வார்டிலும் யாராவது ஒருவர், நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டு, கழுத்து ஒடிய, காலடிச் சத்தம் கேட்டால் துள்ளி எழும் நிலையில் கால் மணி நேரம் கண் மூடுகிறார். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும், அதைக் குற்றமாக வைத்திருக்கிறீர்கள். பணிநேரத்தில் உறங்கியதாகக் குறிப்பாணை வாங்கிய தோழிகள் எனக்கு உண்டு. விமானிகளுக்கு நீண்ட பயணங்களில் முறைப்படி ஓய்வு கொடுத்துப் பார்த்த நாசா ஆய்வில், 40 நிமிட வாய்ப்பில் சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்கள் தூங்காதவர்களைவிடத் தெளிவாகச் செயல்பட்டார்கள். இது எங்கள் துறையிலும் சோதிக்கப்பட்டதுதான். அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களும் மருத்துவர்களும் அதிகாலை 3 மணிக்கு 40 நிமிடம் படுத்தெழுந்த பிறகு, காலையில் அவர்களின் கவனத் தவறுகள் குறைந்ததை 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எழுந்ததும் கால் மணி நேரம், அரை மணி நேரம்வரை ஒரு மந்தம் இருக்கும். அந்நேரத்தில் மருந்து கலக்கச் சொல்லக் கூடாது. அதனால்தான் இதை ஒளித்துச் செய்யாமல் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிறேன். யார் எப்போது படுப்பது, அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பது, எழுந்து எவ்வளவு நேரம் கழித்துப் பொறுப்பேற்பது என்று எழுதிவைத்து, கால் நீட்ட ஓர் இடமும் கதவும் கொடுங்கள்.

வீடு திரும்பும் வழியைப் பற்றி நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? இரவுப் பணியாளர்கள் 16 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனை இது. இரவு தூங்கிய பின் வண்டி ஓட்டியபோது ஒருவருக்கும் விபத்து நெருங்கவில்லை. இரவுப் பணி முடித்து ஓட்டியபோது 6 பேருக்கு மொத்தம் 11 முறை விபத்து மயிரிழையில் தப்பியது. 7 பேரின் ஓட்டத்தைப் பாதுகாப்புக்காகப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. என்னுடன் பயிற்சி பெற்ற ஒருத்தி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, வழியில் எந்தத் திருப்பமும் நினைவில் இல்லை என்று என்னிடம் அழுதிருக்கிறாள். பணி முடிந்ததும் போகுமுன் அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போக அந்த ஓய்வறையைத் திறந்து வையுங்கள், அல்லது வாகனம் ஏற்பாடு செய்யுங்கள்.

நெடுங்கால நோய்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பயமுறுத்துவது என் நோக்கமில்லை. உயிர்க்கடிகாரத்தைக் குலைக்கும் சுழற்சிப் பணியை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் 2ஏ பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே பிரிவில் வைத்தது. இதய நோயோடு உள்ள தொடர்பும் செவிலியர்களிடம் நடத்திய நீண்ட ஆய்வுகளிலேயே தெரிந்தது. எங்கள் உடம்பிலிருந்து எடுத்த அறிவு இது. அதன் பலன் எங்களுக்கு வர வேண்டாமா? இரவுப் பணிக்கு அனுப்பும் முன்பும் பின்னர் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் கட்டணமில்லா உடல்நலப் பரிசோதனையைப் பணியாளர் கேட்டுப் பெறலாம் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை. பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாகக் குறைந்தது 16 வாரங்களுக்கு இரவுப் பணிக்கு மாற்று வேண்டும் என்றும் அது சொல்கிறது. கருவுற்றிருப்பதைச் சொல்லத் தயங்கி, சொன்னால் ‘சலுகை கேட்கிறாள்’ என்பார்களோ என்று பயந்து, மூன்று மாதம் இரவுப் பணி செய்த பெண்களை எனக்குத் தெரியும்.

பகலில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று ஒரு சிறு காட்சி சொல்கிறேன். என் மகளுக்கு ஆறு வயதானபோது, பள்ளியில் ‘என் வீடு’ என்று ஒரு படம் வரையச் சொன்னார்கள். வீடு, மரம், அப்பா, அவள். அம்மா எங்கே என்று ஆசிரியர் கேட்டதற்கு, ஒரு மூடிய கதவைக் காட்டி, “உள்ளே தூங்குகிறார்கள், சத்தம் போடக் கூடாது” என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கதவுக்குப் பின்னால் நான் தூங்கியது பாதி நேரம்தான். மீதி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு, வெளியே அவள் அடியெடுத்து வைக்கும் சத்தத்தைக் கேட்டபடி விழித்தே கிடந்தேன். வெளியே போகவும் மனம் கேட்கும், படுக்காவிட்டால் இரவு என்ன ஆகுமோ என்ற பயமும் பிடித்து அழுத்தும். தூக்கத்துக்காகப் பயந்து பயந்தே தூக்கம் கெட்டுப்போவது இரவுப் பணியின் இன்னொரு முகம். மாத்திரையில் போய் விழுந்தவர்களும் உண்டு. மருத்துவமனையில் இருந்துகொண்டு அதை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரவுப் பணியால் தூக்கமின்மையோ அளவுகடந்த உறக்கக் கலக்கமோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: சுழற்சிப் பணித் தூக்கக் கோளாறு. அது நோய். சோம்பலும் அல்ல, மனத்திடம் இல்லாமையும் அல்ல.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். “ஆள் இல்லை.” இது பொய்யல்ல. உங்கள் மேல் எவ்வளவு அழுத்தம் என்பதும், பட்டியல் எழுதும் நாளில் உங்கள் தொலைபேசி எத்தனை முறை அடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆள் ஏன் இல்லை என்பதையும் நாம் பேச வேண்டும். “அக்கா, புள்ளி” என்று என் கையைப் பிடித்த அந்தப் பெண் நான்கே ஆண்டுகளில் வேலையை விட்டுவிட்டார். அவ்வளவு கூர்மையான கண் எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் இல்லை. “தூங்கினால் போதும் அக்கா, வேறு எதுவும் வேண்டாம்” என்றுதான் விடைபெற்றார். அவர் இடத்தில் இருந்த வெற்றிடத்தை நாங்கள்தான் கூடுதல் இரவுகள் செய்து நிரப்பினோம்.

நாங்களும் அப்படித்தான் செய்து வந்தோம் என்று மூத்தவர்கள் சொல்வதும் கேட்கிறது. செய்தீர்கள், அம்மா. அதற்கு உங்கள் உடம்பு என்ன விலை கொடுத்தது என்பதை நீங்கள் ஒருநாள் எங்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இரவையே விரும்புகிற செவிலியர்களும் இருக்கிறார்கள். சிலருடைய உடல் இயல்பு அப்படி. சிலருக்கு வீட்டுச் சூழல் அப்படி. அவர்களைக் கேளுங்கள். எல்லோரையும் கேளுங்கள். ஐம்பதை நெருங்குகிறவருக்கு இரவு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வயது ஏற ஏறப் பகல் தூக்கம் இன்னும் மெலிந்துபோகிறது. பட்டியலைக் கடைசி நாளில் ஒட்டாமல் சில வாரங்களுக்கு முன்பே கொடுங்கள். தூக்கத்தையும் நாங்கள் திட்டமிட வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதப் பட்டியலை எழுத உட்காரும்போது எனக்காக ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, ஒரு பணி முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையில் எத்தனை மணி நேரம் என்று பென்சிலால் எழுதுங்கள். 11-க்குக் கீழே வரும் எண்களை வட்டமிடுங்கள். மூன்றுக்கு மேல் போகும் தொடர் இரவுகளின் கீழே கோடிடுங்கள். எத்தனை வட்டம், எத்தனை கோடு என்று எண்ணி, அந்த இரண்டு எண்களையும் பட்டியலுக்குக் கீழே எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டுங்கள். மருந்துப் பிழை, தவறி விழுதல் போன்றவற்றின் விசாரணைப் படிவத்தில், ‘கடந்த 24 மணி நேரத்தில் எவ்வளவு தூங்கினீர்கள், இது எத்தனையாவது இரவு’ என்று ஒரு வரி சேருங்கள். அதைத் தண்டிப்பதற்காகக் கேட்காமல், பட்டியலைத் திருத்துவதற்காகக் கேளுங்கள். அதற்கடுத்த மாதம் வட்டங்கள் குறைந்திருக்கின்றனவா என்று நாங்களும் பார்க்கிறோம்.

மணி 4:30 ஆகிவிட்டது. 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். இன்னொரு முறை படுத்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இன்றிரவு உங்கள் வார்டு ஒன்றில் பணியில் இருக்கும் ஒரு செவிலியர்